வலையில் பட்ட பந்து

அத்தியாயம் பதினேழு

அலுமாரியைத் துடைக்கப் போன இடத்தில் கைக்கு அகப்பட்ட பாஸ்போட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக மடியில் நெருப்பைக் கட்டியவளாகத் திரிந்தாள் பரமேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைக் கொண்டுவந்து நவரத்தினத்தின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாஸ்போட் நவரத்தினத்தின் தமையன் கனகசிங்கத்தினுடையது. இந்தியாவில் அகதி முகாமில் முப்பத்தைந்து வருடம் கிடந்து, பெண்சாதியை அங்கேயே பறிகொடுத்து, மகள் சிவதர்சினியை அங்கேயே விட்டுவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னர் தனியாளாகச் சொந்த ஊரான நெடுங்கட்டுக்கு, தம்பி வீட்டுக்கு வந்து இறங்கிய மனிதர். உள்ளே இந்திய விசா அடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு விமானச் சீட்டு. செவ்வாய்க்கிழமைத் திகதி.

“செவ்வாய் எண்டால் நாளையிண்டைக்கு,” என்றாள் பரமேஸ்வரி. “அத்தான் உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?”

நவரத்தினம் இல்லையென்று தலையாட்டினார். கையில் பேனை. முன்னால் ஒரு தாள். தாளில் ஆறு பெயர்கள் எழுதியாகிவிட்டது. ஏழாவதாக ஒரு பெயரை எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, திரும்பவும் வெட்டியிருந்தார். அந்தப் பெயரும் கனகசிங்கம்தான்.

அறுபத்தொரு வயதில் நவரத்தினம் கப்டனாகியிருந்தார். நெடுங்கட்டு வளர்மதி விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்தாட்ட அணி, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்து வருகிற ஞாயிறு பேசாலை மூத்தோர் அணியோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் நடக்கும். அரிசி நெடுங்கட்டுப் பக்கம், மீன் பேசாலைப் பக்கம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே பாயில் இருந்து சாப்பிடும். தோற்ற அணியின் கப்டன் எல்லாருக்கும் தன் கையால் சோறு பரிமாறி, கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் தான் சாப்பிட வேண்டும். ஆறு வருடமாக நெடுங்கட்டுக் கப்டன்தான் பரிமாறுகிறார். பழைய கப்டன் பதவியை விட்டபோது, விளையாடித் தோள் நோகவில்லை, சோறு போட்டுத்தான் நோகுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனகசிங்கம் ஒரு காலத்தில் இந்தப் பகுதியிலேயே பேர்போன சேர்விஸ்காரர். அவர் பந்தைத் தூக்கிப் போட்டால் எதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர் பின்னுக்குப் போவார்களாம். ஊர் திரும்பிய புதிதில் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தார். பந்தை எட்டிப் பிடிக்கப் போய்க் குப்புற விழுந்தார். வேலியில் இருந்த யாரோ சிரித்தார்கள். அதோடு சரி, மனிதர் மைதானப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மற்றவர்கள் இரண்டு மாதமாகப் பின்னேரம் பின்னேரம் வந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு விளையாடியவர்கள். அவர்களில் யாரை இருத்திவிட்டு இவரைப் போடுவது?

“இண்டைக்கு அவரைச் சேருங்கோ,” என்றாள் பரமேஸ்வரி. “இஞ்ச தனக்கு ஒரு இடமில்லையெண்டு நினைச்சுத்தான் போறார். நீங்களும் ஒதுக்கினால் பிறகு அவர் திரும்ப மாட்டார்.”

“பாப்பம்,” என்றார் நவரத்தினம்.

அவருடைய வியாதியே அதுதான். முப்பது வருடம் தபால் கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களை ஒரு நாள் பிந்தாமல் சேர்த்தவர், தன் வாயால் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் நாளைக்கு, பிறகு, பாப்பம் என்று தள்ளியே காலத்தைக் கழித்தவர். அண்ணையிடம் போய், ‘போகாதேங்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவர் தாளை எடுத்து, ஏழாவது பெயரை வெட்டாமல் எழுதினார். அண்ணையும், எட்டாவதாக எழுதிய சிற்றம்பலமும் மேலதிக ஆட்டக்காரர். தேவைப்பட்டால் இறக்கலாம். பேச்சுக்குப் பதிலாக ஒரு பெயர். தனக்குள் அவருக்கு ஒரு ஆறுதல். பரமேஸ்வரி பாஸ்போட்டைப் பழையபடி அலுமாரியில் வைத்தாள்.

வான் இன்சாப்புடையது. முசலி ஊர்க்காரர்; பதினைந்து வருடமாகக் கழகத்தின் சாரதியும் அவரே, பந்து தூக்கிக் கொடுப்பவரும் அவரே. அரிசி மூட்டை, சோறு வடிக்கிற கிடாரம், பரமேஸ்வரியும் இன்னும் இரண்டு பெண்களும், எட்டுக் கிழவர்கள். கடைசியாகக் கனகசிங்கம் வந்து பின் சீற்றில் ஏறினார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. தோளில் ஒரு பை.

பயணப் பை. ஒரு துவாயும் போத்திலும் வைக்க இத்தனை பெரிய பை எதற்கு? பரமேஸ்வரி திரும்பி நவரத்தினத்தைப் பார்த்தாள். கொழும்பு பஸ் பின்னேரம் ஆறரைக்குப் பேசாலைச் சந்தியைத் தாண்டும். ஆட்டம் முடிந்து அப்படியே ஏறுவதாக மனிதர் திட்டம் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஒருத்தருக்கும் மூச்சு விடாமல்.

பாலம் தாண்டும் வரைக்கும் வானுக்குள் ஒரே பகிடி. நவரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

பேசாலையில் மைதானம் கடற்கரையை ஒட்டிய மணல்தரை. கோட்டுக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தார்கள். வயதை மதித்து வலையை நாலு விரல் இறக்கிக் கட்டியிருந்தார்கள். அவர்களின் கப்டன் யூலியன் குலாஸ் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த முறை பாரை மீன், பரிமாற நல்ல அகப்பையாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறோம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கனகசிங்கம் சிரிப்பை நின்று கேட்கவில்லை. பையோடு நேரே கரைக்குப் போய், ஏற்றி வைத்திருந்த படகொன்றின் நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்தக் கரையைப் பார்க்க நவரத்தினத்துக்குப் பயம். தொண்ணூறாம் ஆண்டு அண்ணை இந்தியாவுக்குப் படகேறியது அதே கரையில். ஆட்களைத் திரட்டி ஆட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தபடியால், அவர் பார்க்காமலே இருந்துகொண்டார்.

முதல் செற் பேசாலைக்கு, இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. இரண்டாவதை நெடுங்கட்டு இழுத்துப் பறித்துப் பிடித்தது. கடைசிப் புள்ளிக்குப் பாய்ந்த குணசீலன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தார். எழும்பவில்லை.

மூன்றாவது செற் பதினைந்து புள்ளி. யார் யார் இறங்குவது என்ற ஒழுங்குத் தாளில் கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது. குணசீலனின் இடத்துக்கு யார்? இரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்த சிற்றம்பலம் சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டு நின்றார். நவரத்தினம் அவருடைய முகத்தைப் பார்க்காமல் அண்ணையின் பெயரை எழுதினார். சேர்விஸுக்காகத்தான் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். சிற்றம்பலம் நாடாவை அவிழ்த்தார். அதைப் பார்க்க நவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது.

ஆள் அனுப்பிக் கனகசிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். தாளில் தன் பெயரைக் கண்டதும் மனிதருடைய முகம் மாறிப்போனது. பையைப் பரமேஸ்வரியின் காலடியில் வைத்துவிட்டு, “பாத்துக்கொள் பிள்ளை,” என்றார். எட்டு மாதத்தில் அவர் ஒருவரை உரிமையோடு ஏவியது அதுதான் முதல்முறை.

முதல் சேர்விஸ் அவருடையது. பந்தை உயரப் போட்டு ஒரு அடி. பந்து யூலியனின் தோளில் பட்டுக் கடலுக்குப் போனது. இரண்டாவது, மூன்றாவது. அறுபத்தைந்து வயதுக் கை என்று யார் சொல்வார்கள்? நெடுங்கட்டுப் பெண்கள் கிடாரத்தை மறந்துவிட்டு ஓடிவந்தார்கள். நவரத்தினத்துக்குக் கண் கலங்கியது. இனிப் போக மாட்டார் என்று நெஞ்சுக்குள் ஒரு நம்பிக்கை பிறந்தது.

நாலாவதை இன்னும் பலமாக அடித்தார். பந்து கயிற்றுக்கு நாலு முழம் தள்ளி வெளியே விழுந்தது. கனகசிங்கம் கவலைப்படவில்லை. “சேர்விஸ்தானே போனது, புள்ளி போகேல்லைத்தானே,” என்று இன்சாப்பின் முதுகில் தட்டினார்.

நவரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

அது பழைய சட்டம். சேர்விஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் அப்போது புள்ளி. பிழைத்தால் பந்து கைமாறும், அவ்வளவுதான். இப்போது எந்தப் பக்கம் பிழைத்தாலும் மற்றப் பக்கத்துக்குப் புள்ளி. சட்டம் மாறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அண்ணை ஆடிய ஊர் ஆட்டம் தொண்ணூறோடு நின்றது. முகாமுக்குள் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி ஆடியிருக்கிறார்கள். இன்றைக்கு முதல் இரண்டு செற்றையும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

எட்டுப் புள்ளியில் பக்கம் மாறும்போது இன்சாப் கிட்ட வந்தார். “கப்டன், அண்ணைக்குப் புதுச் சட்டம் தெரியாது போல கிடக்கு. ஒருக்காச் சொல்லி விடுங்கோ.”

நவரத்தினம் பார்த்தார். அண்ணை தண்ணீர் குடித்துக்கொண்டு பேசாலை ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்றார். மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை ஊர் வந்த பிறகு அன்றைக்குத்தான் கண்டார். இத்தனை பேருக்கு முன்னால் போய், அண்ணை உங்களுக்கு விளையாடத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“பிறகு சொல்லுவம்,” என்றார்.

பதினொன்று, பதினொன்று. பன்னிரண்டு, பன்னிரண்டு. பேசாலை பதினான்கு, நெடுங்கட்டு பதின்மூன்று. யூலியன் சேர்விஸ் போட்டார். பந்து வலையின் மேல் விளிம்பில் தட்டி, ஒரு கணம் அங்கேயே நின்று, இந்தப் பக்கம் வழுகி விழுந்தது. கனகசிங்கத்துக்கு இரண்டு அடி முன்னால். சும்மா குனிந்து கையை நீட்டியிருந்தாலே எடுத்திருக்கலாம்.

அவர் நீட்டவில்லை. நிமிர்ந்து நின்று பந்து விழுவதைப் பார்த்தார். விழுந்ததும் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, பின் கயிற்றை நோக்கி நடந்தார். வலையில் பட்ட சேர்விஸ் பிழை. பந்து இனி எங்களுக்கு. சுற்றில் அடுத்த சேர்விஸ் தன்னுடையது. அவர் அறிந்த சட்டத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

நடுவர் விசில் ஊதினார். பேசாலைப் பக்கம் கூச்சல் எழும்பியது. கனகசிங்கம் பின் கயிற்றில் பந்தோடு ஆயத்தமாக நின்று, எல்லாரும் ஏன் கைகுலுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலிப் பக்கம் ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு பேர். பிறகு அந்தப் பக்கம் முழுவதும்.

நவரத்தினம் கிட்டப் போனார். கால் மணலில் புதைந்தது.

“அண்ணை, ஆட்டம் முடிஞ்சுது.”

“என்னடா முடிஞ்சுது? வலையிலை பட்டது.”

“இப்ப வலையிலை பட்டாலும் விளையாட வேணும். சட்டம் மாத்திப் போட்டாங்கள்.”

“எப்ப?”

“இருபது வருசத்துக்கு மேலை.”

கனகசிங்கம் பந்தைப் பார்த்தார். “எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தார். “நான் வெளியாலை அடிச்சிட்டுச் சொன்ன கதை உனக்குக் கேட்டது. அப்பவே உனக்கு விளங்கியிருக்கும். ஏன்ரா சொல்லேல்லை?”

நவரத்தினம் பந்தை வாங்கக் கையை நீட்டினார்.

“அண்டைக்கும் நீ சொல்லேல்லை,” என்றார் கனகசிங்கம். குரலை உயர்த்தவில்லை. “உதிலை, அந்தப் படகு கிடக்கிற இடத்திலைதான். தம்பி வருவான், தம்பி வருவான் எண்டு ரெண்டு படகை விட்டனான். மூண்டாவது படகுக்காரன் எங்களை நடுக்கடல் மணல் திட்டியிலை இறக்கிப் போட்டுப் போட்டான். கையிலை எட்டு மாதப் பிள்ளை. ஒண்டரை நாள் தண்ணியில்லை.”

அவ்வளவுதான். பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

வழக்கம் வழக்கம்தான். பாய் விரித்தார்கள். புதுநெல் அரிசிச் சோறும் பாரை மீன் குழம்பும் ஆவி பறக்க வந்தன. யூலியன் அகப்பையை நவரத்தினத்தின் கையில் கொடுத்தார். அவர் ஒவ்வொரு சோற்றுக் கோப்பையாகப் போட்டுக்கொண்டு போனார். யாருடைய முகமும் அவருக்குத் தெரியவில்லை. இன்சாப்புக்குப் போட்டார். நொண்டிக்கொண்டு வந்து இருந்த குணசீலனுக்குப் போட்டார். சிற்றம்பலத்துக்கு ஒரு அகப்பை கூடப் போட்டார். அடுத்த இடம் வெறுமையாக இருந்தது.

பரமேஸ்வரியின் காலடியில் பையும் இல்லை.

“வந்து எடுத்துக்கொண்டு போட்டார்,” என்றாள் அவள். கண் சிவந்திருந்தது. அத்தான் மைதானத்தில் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். “நான் ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நான் கடல் தாண்ட மாட்டன் எண்டு அழுதபோது, நாங்கள் வரேல்லையெண்டு அண்ணையிட்டைச் சொல்லியாச்சு எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்? முப்பத்தைஞ்சு வருசமா நானும் அதை நம்பினனான்.”

நவரத்தினம் அகப்பையோடு நின்றார். நேரம் ஆறு பத்து. கடைசி ஆள் கை கழுவும் வரை கப்டன் பாயை விட்டு நகரக்கூடாது. பேசாலை ஆட்கள் பாதிதான் சாப்பிட்டிருந்தார்கள்.

பரமேஸ்வரி அவர் கையிலிருந்து அகப்பையைப் பறித்தாள். “போங்கோ,” என்றாள். “இதுக்கும் பிறகு எண்டு சொல்லிப் போடாதேங்கோ.”

யூலியனைப் பார்த்தார். யூலியன், போ என்று கையைக் காட்டினார்.

அறுபத்தொரு வயது மனிதர், மூன்று செற் ஆடிய காலோடு, சப்பாத்துக்குள் மணலோடு சந்திக்கு ஓடினார். கண்ட சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பஸ் தரிப்பில் கனகசிங்கம் தனியாக நின்றார். அவரும் தம்பி ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

“பயந்திட்டன் அண்ணை,” என்றார் நவரத்தினம். மூச்சு வாங்கியது. “பரமேஸ் வரமாட்டன் எண்டவள். அவளை விட்டிட்டு வர என்னாலை ஏலாது. அதை உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லப் பயந்தனான். விடியச் சொல்லுவம் எண்டு படுத்தனான். விடிய நீங்கள் கரைக்குப் போயிட்டியள். இண்டைக்கும் அதே பயம்தான். நீங்கள் போகாதேங்கோ. எனக்கு நீங்கள் வேணும்.”

ஒருவாறு சொல்லியாகிவிட்டது.

கனகசிங்கம் தெருவைப் பார்த்தார். தலைமன்னார்ப் பக்கமிருந்து பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. அதே நேரம் அவருடைய சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சிவதர்சினி. வெளிக்கிட்டாச்சோ என்று கேட்கத்தான் எடுக்கிறாள் என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு போனைத் தம்பியிடம் நீட்டினார்.

“நீ கதை. அப்பா வரேல்லை எண்டு உன்ர வாயாலை அவளுக்குச் சொல்லு. சொன்னால் நான் நிக்கிறன்.”

நவரத்தினம் போனைக் காதில் வைத்தார். அந்த எட்டு மாதப் பிள்ளையோடு அவர் பேசுவது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

“மகள், நான் சித்தப்பா கதைக்கிறன்…”

அவள் இடைமறித்தாள். அவளுடைய தமிழ் அக்கரைத் தமிழாக இருந்தது. “சித்தப்பாவா? நல்லவேளை நீங்க எடுத்தீங்க. அப்பாவை பஸ் ஏத்திராதீங்க சித்தப்பா. இங்க வர வேணாம். ஏன்னு நான் அப்புறம் சொல்றேன். நான் சொன்னேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

தொடர்பு அறுந்தது.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. கனகசிங்கம் ஒரு கையால் பையையும் மறு கையால் கம்பியையும் பிடித்தபடி தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிப் போட்டியோ? என்னவாம்?”

ஓம் அண்ணை, சொல்லிப் போட்டன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணை நின்றுவிடுவார். பாயில் அவருடைய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சொல் நவரத்தினத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“இல்லை அண்ணை,” என்றார். “நான் சொல்லேல்லை. அவள்தான் சொன்னவள். உங்களை வரவேண்டாமாம். அதை உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவள்.”

கனகசிங்கத்தின் கை கம்பியை விட்டது. ஏறுகிறீர்களோ இல்லையோ என்று கொண்டக்டர் இரண்டு தரம் கேட்டான். பஸ் போய்விட்டது.

சந்தியில் அண்ணையும் தம்பியும் மட்டும் நின்றார்கள். கனகசிங்கம் பையைக் கீழே வைக்கவில்லை.

“ஏனாம்?” என்று கேட்டார்.

நவரத்தினத்துக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்ல வாயெடுக்கும்போதே அவருடைய கையில் இருந்த போன் மறுபடி அடித்தது. சிவதர்சினிதான். அவர் அதைத் தன் காதில் வைக்கவில்லை. இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தார்.